அக்கா பேசியது பதிவாகவில்லை

என் அக்கா பேசினால் தெருமுனையில் நிற்கிறவனுக்கும் காது அடைக்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற கம்பெனியில் வேலை. ஆள் உயர டிரம்கள் வரிசையாகச் சுற்றும் கூடம் அது. பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் விழாது. அதனால் உள்ளே இருக்கிற பெண்கள் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதிலிருந்து மேனேஜரின் தொப்பை வரை எல்லா சமாச்சாரமும் அப்படியே போய்ச் சேரும். அடக்கி வைத்த குரல் மொத்தமும் வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் தலையில் கொட்டும்.

மாமா படுக்கையில் விழுந்த வருஷம் வேலைக்குப் போனவள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் விடவில்லை. ரத்தமும் சீழுமாக வரும் விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற இடத்தில் ஆரம்பித்து, ஒரு ஷிப்டுக்கே பொறுப்பாளராக வந்தாள். நான் படித்ததே கொஞ்சம், அவள் அதிலும் பாதி. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் கிடக்கும் எனக்கு அவள் சம்பளம் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. யாருக்கு எப்போது ஷிப்ட் என்ற பட்டியலைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டார்கள். போட்டதை ஓசைப்படாமல் மாற்றவும் செய்தார்கள். லீவு என்று பார்த்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு, வேலைக்கு வரவில்லை என்று குறிப்பு விழுந்தது. பட்டியல் முதலிலிருந்தே அப்படித்தான், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கத்தவில்லை. தன் மருமகளிடம் போய் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கற்றுக்கொண்டாள்.

முதல் தடவை பாதிப் பட்டியல்தான் விழுந்தது. திரையில் தெரிகிற அளவுதான் படமாகும், கீழே உருட்டினால் வருவது வராது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் பெயர் இருந்ததோ கீழே. மருமகள் பிரவுசரின் மூலையில் காமிரா மாதிரி ஒரு படத்தைச் சேர்த்துக் கொடுத்தாள். அதை அமுக்கினால் பக்கம் முழுவதும் தலை முதல் கால் வரை ஒரே படமாக வரும். அதன் பிறகு பட்டியல் மாறினால் அக்கா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவாள். அவள் ஷிப்டில் மட்டும் பட்டியல் மாறுவது நின்றது.

வாரம் ஒரு கூட்டம் நடக்கும். எல்லாக் கிளைகளின் ஷிப்ட் பொறுப்பாளர்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, மேனேஜர் தன் ஊரிலிருந்தே பேசுவார். அவர் பேச்சு தண்டவாளத்தில் போகிற வேகம். யாராவது வாயைத் திறந்தால் ‘அடுத்தது’ என்று தாண்டிப் போவார். பெண்கள் அவருக்கு வைத்த பெயரே ‘அடுத்தது’தான். அக்காவுக்கு எழுதும் கை மெதுவாக ஓடும், பாதி விட்டுப்போகும். அதனால் அதே காமிராப் படத்தை அமுக்கிக் கூட்டத்தையே திரையோடு பதிவு செய்தாள். வீட்டில் அவர் பேசுகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓட்டிக் கேட்டுக்கொள்வாள். தான் பேசியதைத் தானே போட்டுக் கேட்க அவளுக்கென்ன கிறுக்கா?

கூடத்தில் துணி தேய்க்கும் பெரிய பிரஸ்கள் உண்டு. கொதிக்கிற மூடி மேலிருந்து இறங்கும். முன்னால் ஒரு கம்பி இருக்கும், கை அதில் பட்டால் மூடி அப்படியே நின்றுவிட வேண்டும். மூன்றாம் பிரஸ்ஸில் அந்தக் கம்பியின் ஸ்பிரிங் போய்விட்டது. கிழிந்த விரிப்புத் துணியால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்தில் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. ஒரு நாள் மூடி கடுகின் வலது கை மேல் இறங்கியது.

கடுகு என்பது அக்காவின் கூட்டாளி. ஆள் சின்னதாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவை விட உரிமையாக அடுப்படிக்குள் போகிறவள்.

கம்பெனி செய்த முதல் வேலை அக்காவுக்கு நோட்டீஸ் அனுப்பியதுதான். பழுதைத் தெரிவிக்காத கவனக்குறைவால் சக தொழிலாளியின் கை கருகியது, விசாரணைக்கு வரவும் என்று. வேலை போகும் என்பது ஒரு பக்கம். கடுகின் கையைப் பொசுக்கியவள் என்ற பெயரோடு தெருவில் எப்படி நடப்பது என்பது இன்னொரு பக்கம். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவளுக்கு முன்னால் மேனேஜர் போய்விட்டிருந்தார். கடுகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சொன்னேன்டி என்று அக்கா சொல்ல, சொல்லியிருந்தால் ஏன் ஒருத்தனும் வரவில்லை என்று மட்டும் கேட்டாளாம்.

அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற பொறுப்பாளர்களுக்கு அக்கா போன் போட்டாள். ஞாபகம் இல்லைக்கா என்றார்கள். ஒருத்தி எடுக்கவே இல்லை.

“போனா போறாளுங்க. நான் சொன்னது கம்ப்யூட்டர்ல இருக்கு,” என்றாள் அக்கா.

மருமகள், நான், அக்கா மூன்று பேரும் உட்கார்ந்து போட்டோம். திரையில் சின்னச் சின்னக் கட்டமாக முகங்கள். மேனேஜர் பேசுகிறார், கணீரென்று கேட்கிறது. பிறகு அக்கா கட்டத்தில் அவள் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. கை மேலே போய் இறங்குகிறது, விரல்கள் மடங்குகின்றன, வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஊரே கேட்கும் குரல்காரி கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறாள். மேனேஜர் சிரிக்கிறார், அவர் சிரிப்பதால் மற்ற கட்டங்களும் சிரிக்கின்றன. “நடிப்பெல்லாம் பிரமாதம்மா. பாத்துக்கலாம். அடுத்தது,” என்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். மருமகள் மேல் பாய்ந்தேன்.

“ஏம்மா, நீ கத்துக்கொடுத்த லட்சணம் இதுதானா?”

“மாமா, எதிராளுங்க பேசறது தானா விழும். நம்ம பேச்சு விழணும்னா மைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போடணும். அவர் பேசறதைக் கேக்கணும்னுதானே அத்தை கேட்டாங்க. நானும் அதுக்குத்தான் வச்சுக் கொடுத்தேன்.”

அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்தச் சாமானைச் செய்தவன் எவனோ, அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும். அடுத்தவன் பேசுவது தானாக விழுமாம், நாம் பேசுவதற்கு மட்டும் தனியாக டிக் போடணுமாம். எந்த மடையன் அப்படி முடிவு செய்தான்?

“அதையே எடுத்துட்டுப் போவோம். ஊமைப் படம்னாலும் என் படம்தானே,” என்றாள் அக்கா.

விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள், நான் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட அறை. நேரில் வந்திருந்த மேனேஜரும் தலைமை அலுவலகத்து மேடமும் வெளியே நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு உள்ளே வந்தார்கள். கையில் கட்டோடு கடுகு அவர்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். குணமானதும் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். பொறுப்பாளர் பழுதைச் சொல்லவில்லை என்று அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா படத்தைப் போட்டாள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். துணி மூட்டை வண்டியிலிருந்து சரிந்த கதையை அன்று இந்தம்மா நடித்துக் காட்டினார்கள், அதற்குத்தான் சிரித்தோம் என்றார். வாய் கூசாமல் சொன்னார். நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சத்தமே இல்லாததை வச்சு நாங்க என்னம்மா பண்றது?” என்றார் மேடம்.

கடுகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “திரும்பப் போடுங்க,” என்றாள். போட்டார்கள். அக்காவின் உதடு அசைய அசைய, தாளில் இருப்பதைப் படிக்கிற மாதிரி கடுகு சொல்லிக்கொண்டே போனாள்.

“மூணாம் பிரஸ்ல முன்கம்பி வேலை செய்யல சார். மூடி நிக்காம வருது. துணியால கட்டி வச்சிருக்கோம். இப்படி வந்தா யாரு கையாவது மாட்டும். ஆளை அனுப்புங்க சார்.”

மேனேஜர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். இரண்டு பேரும் கூட்டாளிகள், பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார்.

கடுகு அவரைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தாள். “எங்க கூடத்துல காது எதுக்கு மேடம், எல்லாம் வாயைப் பாத்துத்தான். சந்தேகமா இருந்தா, இப்ப கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க பேசினதைச் சொல்லட்டுமா? ‘சீக்கிரம் முடிங்க, நான் கிளம்பணும்’னீங்க. அதுக்கு இவர், ‘இவ கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டா, அவளை இன்னைக்கே அனுப்பிடலாம்’னார்.”

மேடத்தின் முகம் செத்துப்போனது. இல்லை என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

கடுகு கையெழுத்துக் கேட்ட தாளை இடது கையால் நகர்த்திவிட்டாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கக்கா, ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும்,” என்றாள்.

“அதெல்லாம் கிடக்கு. வலி எப்படி இருக்கு?” என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அன்றைக்கே மூன்றாம் பிரஸ்ஸுக்கு ஆள் வந்து புது ஸ்பிரிங் போட்டுவிட்டுப் போனான். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் நான், ஒரு ஸ்பிரிங் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அக்காவுக்கு ஒரு வரி வந்தது, விசாரணை முடித்துவைக்கப்பட்டது என்று. நீ சொன்னது நிஜம், நாங்கள் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. கூடவே எல்லாக் கிளைக்கும் புது உத்தரவு, கூட்டத்தின்போது திரையைப் படம் எடுப்பதோ பதிவு செய்வதோ கூடாது என்று. கையைச் சுட்ட பிரஸ்ஸை மாதக்கணக்கில் விட்டார்கள். உண்மையைக் காட்டிய படத்தை மட்டும் உடனே தடை செய்யத் தெரிந்தது.

அக்காவின் வேலை தப்பியது. கடுகுக்குச் சொன்ன உட்கார்ந்து செய்கிற வேலையோ காற்றில் போயிற்று. அப்படி எதுவும் சொன்ன ஞாபகமே இல்லையாம் அவர்களுக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே துணி மடிக்கிற மேஜைக்கு அனுப்பினார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. அந்தக் கையால் அவள் பேசினால் இப்போது பாதி விளங்குவதில்லை என்கிறாள் அக்கா. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டால் கடுகுக்குக் கோபம் வருகிறதாம். அக்காவும் கேட்பதில்லை, வாயை உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள்.

ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் அக்கா முதலில் எடுப்பது இதைத்தான். கடுகுக்கு உட்காருகிற வேலை எப்போது என்கிறாள். அங்கிருந்தபடியே அவள் மைக்கை மூடிவிடுகிறார்கள். மூடினால் இவள் விடுவாளா, காமிராவுக்கு நேரே கையைத் தூக்கி அதையே சொல்கிறாள். மற்ற கட்டங்களில் இருப்பவர்கள் துணிக்கூடத்துப் பெண்கள்தானே, எல்லோருக்கும் விளங்குகிறது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. யாரும் வாயைத் திறப்பதும் இல்லை.

கடுகு இன்றைக்கும் நின்றுகொண்டுதான் மடிக்கிறாள்.