அம்மாவின் நாற்காலி கொள்ளும் கார்

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்த ஐந்தாவது மாதம், வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினான். பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கழுத்துக்கு மேலே உயர்ந்த முதுகு, தலையைச் சாய்க்கத் தனியாக ஒரு மெத்தை, கால் நீட்டிக்கொள்ளப் பலகை. அம்மாவால் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அப்படிப்பட்டதுதான் வேண்டும். நல்லதாகவே பார்த்து வாங்கியிருந்தான். ஆனால் அது மடங்காது. ஆட்டோவில் ஏறாது. வாடகைக் கார்களின் டிக்கியிலும் ஏறாது. இதை அவனிடம் போனில் சொன்னேன்.

"அதுக்கு என்ன எக்கா, ஒரு வண்டி பாத்துக்க வேண்டியதுதானே" என்றான். பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. வில்லுக்குறிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தக்கலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் மட்டும். அம்மா முப்பது வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வாரம் இரண்டு நாள் அவளை நாகர்கோவிலுக்குப் பயிற்சி சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும், அதுவும் அந்த நாற்காலியோடு. தக்கலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பத்தொன்பது வயதுப் பெண்களோடு உட்கார்ந்து கிளச்சையும் பிரேக்கையும் படித்தேன்.

காரைக் காட்டித் தந்தது என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் கணவர். பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் அதை விற்க நின்றார். இத்தாலிக் கம்பெனி செய்த கார். முன்பாதி சாதாரணக் கார். பின்பாதியில் டிக்கிக்குப் பதிலாகக் கூரை அப்படியே நீண்டு, ஒரு சின்ன அறையையே பின்னால் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும். கம்பெனி அந்த மாதிரி வண்டியை நம் நாட்டில் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. நிறம் ஒரு காலத்தில் பச்சை. நான் கொண்டு போயிருந்த தையல் டேப்பை எடுத்து, பின்கதவைத் திறந்து நீளம், அகலம், உயரம் அளந்தேன்.

"எஞ்சினைப் பாக்காம பொறத்த அளக்கிய டீச்சர்?" என்று சிரித்தார் தோட்டக்காரர்.

"இதுக்குள்ள ஒரு நாற்காலி கொள்ளணும்."

"ஆளே ரெண்டு பேரு படுக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிப் போடுகேன். இதுக்கப் பாகம் எதுவும் இங்க கெடைக்காது. அதான் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்."

ஒளிக்காமல் சொன்னார் என்பதாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கிவிட்டால் நாற்காலியை மல்லாக்கப் படுக்க வைக்கலாம். விலை மிகவும் சல்லிசு. அடுத்த வாரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நிறுத்தி அம்மாவை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். அவளுக்குப் பேச்சு குழறும். எனக்கு மட்டும் எல்லாம் புரியும்.

"இது சவ வண்டியில்லியா?" என்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்ததும், ரப்பர் ஷீட் நாற்றம் என்றாள். அது உண்மை. தோட்டக்காரர் வருடக்கணக்காக அதில் ரப்பர் ஷீட் ஏற்றியிருக்கிறார். நான் சோப்புப் போட்டுக் கழுவினேன், வெயிலில் கதவைத் திறந்து போட்டேன், காப்பித்தூள் வைத்தேன். நாற்றம் போகவில்லை.

செவ்வாயும் சனியும் நாகர்கோவில். நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அம்மாவின் இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்து, அவள் முழங்காலை என் முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, திருப்பி, முன்சீட்டில் உட்கார்த்துவேன். பிறகு அவ்வளவு கனமுள்ள நாற்காலியைத் தூக்கிப் பின்னால் படுக்க வைப்பேன். ஆஸ்பத்திரியில் அதே வேலை தலைகீழாக. ஒரு நாளைக்கு நாலு முறை. அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்:

"ரோகியைத் தூக்கத் தெரியல்ல ஒனக்கு. ஏட்டி, முதுகை வளைக்காத. எத்தனை தடவ சொல்லுகேன்?"

அவள் சொன்னது சரிதான். நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியும். என் முதுகு இரண்டாவது வருடமே போய்விட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதினேன்.

கார் அதன் பங்குக்குத் தன் வேலையைக் காட்டியது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி ஒரு மழைநாளில் கதவுக்குள் இறங்கிப் போய்விட்டது. மூன்று வாரம் பிளாஸ்டிக் பேப்பர் ஒட்டி ஓட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் கீச்சென்று அழும். தக்கலையில் ஒரே ஒரு மெக்கானிக்குத்தான் அதைத் தொடத் துணிவு இருந்தது. அவர் வளைகுடாவில் ஒரு பட்டறையில் இந்த ஜாதி வண்டிகளைப் பார்த்தவர். ஒவ்வொரு பாகத்துக்கும் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டு, "பேடிக்காதீங்க டீச்சர், வரும்" என்பார். ஒரு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். நல்ல நிலையில் இருக்கும்போது அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் அழகு தனி. பட்டறையிலிருந்து தனியாக வீட்டுக்கு ஓட்டி வரும் அந்தக் கால் மணி நேரத்துக்காக, அது அடிக்கடி கெட்டுப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை பார்வதிபுரம் பக்கத்தில் டைமிங் பெல்ட் அறுந்தது. மத்தியான வெயில். அம்மாவை இறக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மெக்கானிக் இழுவை வண்டி பிடித்து வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டபோது அம்மா தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியம், "இவ என்ன நடுரோட்டுல காயப் போட்டா மக்கா." அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "அம்மயப் பாத்துக்க எக்கா" என்று மட்டும் சொன்னான். நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

மூன்று வருடம் கழித்து அவன் லீவில் வந்தான். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு இருபது நாள் தனியாக வந்திருந்தான். ஒரு புது வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தினான். என் காரைத் தெரு ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமை இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊர் சபையில் அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்து எல்லாருக்கும் சாப்பாடு போடுவார்கள். அம்மா விழுந்தபின் அந்தச் சபைக்குப் போகவே இல்லை. நான் கூப்பிடும்போதெல்லாம், "இந்தக் கோலத்துல வரமாட்டேன்" என்றவள், தம்பி கேட்டதும் தலையை ஆட்டினாள். வெள்ளைச் சேலை கட்டச் சொன்னாள். கட்டிவிட்டேன்.

தம்பி அம்மாவைத் தன் காரின் முன்சீட்டில் உட்கார்த்தினான். நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைத்துப் பார்த்தான், பின்சீட்டில் நுழைத்துப் பார்த்தான். கொள்ளவில்லை.

"எக்கா, நீ இத ஒனக்கதுல வச்சுப் பொறத்தாலே வா" என்றான்.

அப்படித்தான் போனோம். முன்னால் அவன் காரில் அம்மா. பின்னால் என் காரில் நாற்காலி. திங்கள்நகர் சந்திப்பில் சிக்னல் இல்லாத நெரிசலில் அவன் கார் மறைந்தது. வெள்ளிச்சந்தை தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினேன். ரேடியேட்டர் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் பொறுமையில்லாமல் மூடியைத் திருகினேன். ஆவி அடித்துக் கை பொள்ளியது. ரோட்டோரத்து வீட்டம்மா ஒரு குடம் தண்ணீரும், கையில் தடவ வெளிச்செண்ணெயும் தந்தார். தம்பியிடமிருந்து போன்.

"எங்க கெடக்க? இங்க எல்லாரும் உள்ள போயாச்சு."

"வண்டி சூடாயிப் போச்சு. இருவது நிமிசம்."

"சே, இந்தச் சவம். இன்னைக்காவது..." என்று சொல்லிவிட்டு வைத்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நாற்காலியை இறக்கி, தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே முன்வரிசை பெஞ்சில் தம்பியின் தோளில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்காலி வராததால் அவன் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி, வாசலிலிருந்து முன்வரிசைவரை நடுவழியே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். சபை முழுக்க எழுந்து நின்று பார்த்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போதகரே பிரசங்கத்தில் சொன்னார். கடல் கடந்து உழைத்தாலும் பெற்ற தாயைக் கைகளில் சுமந்து ஆலயத்துக்குக் கொண்டுவந்த மகன் என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் பின்வாசலில், வெந்த கையால் அந்த நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரசங்கம் முடிந்ததும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்குப் போனேன். பெஞ்சில் தலை சாய்க்க எதுவும் இல்லை. அம்மாவின் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. நோவுகிறது என்பது அவள் நெற்றியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். குனிந்து, "இதுல இருக்கியா அம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இடது கையை மெல்ல அசைத்தாள்.

"வேண்டாம். அங்க கொண்டு வை."

அந்த நேரம் அவள் முகத்தில், செயலுள்ள அந்தப் பாதி முகத்தில், ஒரு சிரிப்பு இருந்தது. மூன்று வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. நாற்காலியைத் தூணோரம் கொண்டுபோய் வைத்தேன். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் சோறு விளம்பினேன். விளம்பிய இலைக்கு இலை ஒரே பேச்சு: "ஒனக்கத் தம்பி தங்கமான பிள்ள, கேட்டியா." ஆமாம் என்றேன். ஒரு கிழவி மட்டும், "கையில என்ன மக்களே?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வளைகுடாவுக்குத் திரும்புமுன் தம்பி சொன்னான், "அந்தச் சவத்த வித்துப் போடு எக்கா. வாரத்துக்கு ரெண்டு நாளு டிரைவரோட நல்ல வண்டி வர நான் ஏற்பாடு செய்யுகேன்." செய்யவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை. அதன்பிறகு அம்மா என் காரில் ஏறும்போதெல்லாம், "அவனுக்க வண்டி நல்ல குளுமையா இருந்துது" என்பாள். ஒரு முறை பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அவன் ஒரு நாளு தூக்கினான். நான் எத்தனை தடவ தூக்கியிருக்கேன், தெரியுமா அம்மா?"

அவள் சொன்னாள்: "அவன் முதுகை வளைக்கல்ல."

மறுவருடம் மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. விடியற்காலையில் மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நானே தூக்கி ஏற்றினேன். அன்று வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிவரை ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா வாய் திறக்கவில்லை. நாலாவது நாள் போய்விட்டாள்.

தம்பி குடும்பத்தோடு வந்தான். அடக்க ஆராதனையில் போதகர் மறுபடியும் அந்தக் கைகளைப் பற்றிப் பேசினார். எட்டு நாள் இருந்தார்கள். போகும்போது பெட்டிகள், வறுத்த சிப்ஸ் பொதிகள், எண்ணெய் டின்கள், அம்மாவின் தையல் மெஷின். மெஷின் தனக்கு வேண்டும் என்று தம்பி மனைவி கேட்டிருந்தாள். நான் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். சாமான்கள் எல்லாம் வரிசையாக வராந்தாவில் நின்றன.

"எக்கா, திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டுக்கு நீ கொண்டு விட்டுருகியா?" என்றான் தம்பி. "இவ்வளவும் ஒனக்க வண்டியிலதான் கொள்ளும்."

அதை அவன் சவம் என்று சொல்லாத முதல் தடவை அது. முந்தின நாள்தான் எண்ணெய் மாற்றி, ரேடியேட்டர் பார்த்து எடுத்து வந்திருந்தேன்.

"வண்டி ஓடாது" என்றேன்.

"என்ன கேடு?"

"பெல்ட் போச்சு."

உடனே நம்பிவிட்டான். அந்தக் காரைப் பற்றி என்ன கெட்டது சொன்னாலும் எல்லாரும் நம்புவார்கள். எரிச்சலோடு போனை எடுத்து ஒரு வேன் சொன்னான். பிள்ளைகள் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு ஏறினார்கள். வேன் திரும்பி மறையும்வரை வாசலில் நின்றேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பெல்ட் போனதாகப் பொய் சொன்ன வெறும் ஒரு பொம்பளையாக நின்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டியவை. சொல்லி என்ன, அவள் என் முதுகைப் பற்றித்தான் பேசியிருப்பாள்.

போன வருடம் காரின் பதிவுக் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் போனபோது, சோதித்த எங்கள் ஊர்க்கார அதிகாரி பின்கதவைத் திறந்து காலியான அந்த இடத்தை எட்டிப் பார்த்தார்.

"தனியாத்தான் இருக்கிய, இத எதுக்கு டீச்சர் இன்னும் வச்சிருக்கிய? ஒரு சின்ன வண்டி போதுமே" என்றார்.

பின்கதவை இழுத்துச் சாத்தினேன். அவரும் அதற்குமேல் கேட்காமல் முத்திரை குத்தித் தந்தார்.