மெடிக்கல் அன்னிக்கு மட்டும் மாத்திரை

பேக்டரி பர்ஸ்ட் எய்டு ரூம்ல வேலைன்னா, வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டு போடுறது கால்வாசி, பிரஷர் பாத்துட்டு "எவ்ளோ இருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றது முக்கால்வாசி. ஓசூர்ல பகல்ல லேத்து ஓட்டி, சாயங்கால வகுப்புல படிச்சு இந்த நாற்காலிக்கு வந்தவன் நான். கையில பட்டையைக் கட்டினதும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்களா? அப்ப நீங்களும் நம்ம கட்சி. படிங்க.

ஏணி

மாதேஷ் தளி பக்கத்து ஆளு. பதினாலு வருஷமா எங்க ஷெட்டுல கிரேன் ஆபரேட்டர். வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப்புல கம்பெனி டாக்டரம்மா கையெழுத்து போட்டாதான் மேல கேபின்ல ஏறலாம். இல்லன்னா கீழ பேக்கிங்தான்.

மெடிக்கலுக்கு ஒரு மாசம் முன்னாடி சும்மா பாக்கலாம்னு கூப்பிட்டேன். ஏணி இறங்கி, ஷெட்டு நீளத்துக்கும் வேகமா நடந்து வந்து கையை நீட்டுனாரு. நூத்தி எழுபத்தஞ்சு. மூஞ்சி வாடிப்போச்சு. "அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க. காலுக்கு ரத்தம் வேணும்னு இதயம் வேகமாத் தள்ளிக்கிட்டிருக்கு, அடங்கட்டும்"னேன். அடங்குச்சு, ஆனா நூத்தி அறுபதோட நின்னுக்குச்சு. மறுநாளும் அதே, அதுக்கு அடுத்த நாளும் அதே. டாக்டரம்மா தினமும் ஒரு மாத்திரைன்னு எழுதிக் குடுத்தாங்க. சீட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டே மாதேஷ் சொன்னாரு: "எனக்கு ஒண்ணுமே பண்ணலியேணா, உங்க மிஷினைச் செக் பண்ணுங்க."

கம்ப்ரசர்

ஒண்ணும் பண்ணாதது ஏன்னு விளக்குனேன். கழுத்து ரத்தக்குழாய்ல ஒரு சென்சார் மாதிரி இருக்கு. பிரஷர் எறங்கினா, இதயத்தை வேகமா அடிக்கச் சொல்லும், குழாயை இறுக்கச் சொல்லும். ஏறினா தளர்த்தச் சொல்லும். இது நொடிக் கணக்கு வேலை. நாள் கணக்கு வேலையை கிட்னி பாக்குது, உப்பையும் தண்ணியையும் தேவைக்கு வெச்சுக்கிட்டு மீதியை வெளிய தள்ளும். ஆனா வருஷக்கணக்கா பிரஷர் ஏறியே கிடந்தா, அந்த சென்சாரும் அதுதான் சரியான அளவுன்னு பழகிக்கும்.

மெயிண்டனன்ஸ் செல்வம், திருநெல்வேலிக்காரரு, விரலுக்குக் கட்டு மாத்த வந்தவரு. கேட்டுட்டு மாதேஷ் பக்கம் திரும்புனாரு. "காத்து கம்ப்ரசர்ல பிரஷர் ஏழானதும் நிறுத்த வேண்டிய சுவிட்சை எவனோ பத்துக்குத் திருகி வெச்ச மாதிரி. சத்தமில்லாம ஓடுதுன்னு இருந்துராதேயும்வே, அடி வாங்குறது டேங்கு."

பூண்டு

மெடிக்கல் வாரம் வந்தா எங்க ஷிப்டுல ஒரு வழக்கம். வருஷம் முழுக்க ஊறுகாயை வழிச்சுத் தின்னவங்க, அந்த ஒரு வாரம் உப்பில்லாத தயிர்சோறும் பச்சைப் பூண்டுமா இருப்பாங்க. மெடிக்கல் அன்னிக்கு லைன்ல நின்ன இருபது பேரும் அதே வாசனை. ஜன்னலைத் தொறக்கச் சொல்லிட்டு டாக்டரம்மா கேட்டாங்க: "நான் பிரஷர் பாக்க வந்தேனா, ரசம் வைக்க வந்தேனா?"

பாஸ்

மாதேஷுக்கு அன்னிக்கு வந்தது தொண்ணூத்தாறு. அவரு சிரிச்சுக்கிட்டே வெடுக்குனு எந்திரிச்சாரு. ரெண்டு அடி வெக்கறதுக்குள்ள கண்ணு இருட்டி, பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே தரையில உக்காந்துட்டாரு. படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிச்ச அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. மாசம் முழுக்க ஒரு மாத்திரைகூட போடல. மெடிக்கலுக்கோசரம் அன்னிக்குக் காலையில வெறும் வயித்துல மூணு போட்டிருக்காரு.

எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும். உடனே குழாய் இறுகணும். மாத்திரை அதைத் தளர்த்தி வெச்சிருந்துச்சு, கழுத்துலருந்து போன ஆர்டர் எடுபடல. டாக்டரம்மா கையெழுத்து போடல. "இதே மயக்கம் மேல கேபின்ல வந்திருந்தா? கொக்கில லோடு, கீழ ஆளுங்க. ஒரு மாசம் பேக்கிங், தினமும் ஒரே மாத்திரை"ன்னுட்டாங்க. மாதேஷ் படுத்தபடியே என்னைப் பாத்து மெல்லக் கேட்டாரு: "கம்மியா இருந்தா பாஸ்தானேணா?"

கையெழுத்து

அந்த மாசம் முழுக்க டேப் ஒட்டிக்கிட்டே அண்ணாந்து கிரேனைப் பாத்துக்கிட்டிருந்தாரு. வேற ஆளு லோடை ஆட்டி ஆட்டி எறக்குறதைப் பாத்தா அவருக்குத் தாங்கல. ஆனா தினமும் என் எதிர்ல மாத்திரை போட்டாரு, அஞ்சு நிமிஷம் வாயைத் தொறக்காம உக்காந்தாரு. நூத்தம்பத்தஞ்சு, நூத்தி நாப்பத்தெட்டு, நூத்தி நாப்பதுன்னு அளவு மெதுவா எறங்குச்சு. புது அளவுக்குப் பழக உடம்புக்கும் நாள் வேணும்ல. கடைசியா நூத்தி முப்பத்திரெண்டு. டாக்டரம்மா கையெழுத்து போட்டாங்க. மாதேஷ் ஏணியில பாதி ஏறி நின்னு, கீழ என்னைப் பாத்துக் கேட்டாரு: "கையெழுத்துதான் ஆயிடுச்சேணா, இனிமே மாத்திரையை நிறுத்திடலாம்ல?"

பிரஷரைச் சரியா வெக்க உடம்புக்குள்ள கழுத்து, இதயம், கிட்னின்னு இத்தனை பேரு மூணு ஷிப்டும் பாக்குறாங்க, ஏணியில ஏறினவரை எறக்கி மறுபடி மாத்திரை போட வெக்க வெளிய நான் ஒருத்தன்தான், அதுவும் பகல்ல ஜெனரல் ஷிப்ட் மட்டும்.