வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணி

கரண்ட் எடுக்கற காத்தாடி ஒண்ணு எங்க ஊட்டுக்கு மேல ராப்பகலா சுத்திக்கிட்டே இருக்குது. அது எந்த ஊருக்குக் கரண்ட் அனுப்புதோ தெரியாது, எங்களுக்கு மட்டும் இல்லை. பல்லடத்துக்குத் தெக்க, எங்கூட்டுக்காரருக்குப் பங்கு பிரிஞ்சு வந்த மேட்டாங்காட்டுல நாங்க குடியேறினப்ப, "எழுதிக் குடுத்தாச்சு புள்ள, இன்னைக்கோ நாளைக்கோ கம்பம் நட்டுருவாங்க"ன்னாரு. கம்பமும் வரலை, ஒரு மண்ணும் வரலை.

கோயமுத்தூர்ல இருந்தது வாடகை ஊடுதான். ஆனா பைப்பைத் திருகுனா சிறுவாணித் தண்ணி. நான் ஒரு அச்சாபீஸுல கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன், அவரு லேத்துப் பட்டறையில. திடீர்னு ஒரு நாள், "எத்தனை நாளைக்கு அடுத்தவன் மெசினையே ஓட்டறது, சொந்தக் காட்டுல போய்ப் பொழைக்கலாம்"னு கெளம்பிட்டாரு. எல்லாம் செல்போனுல வீடியோ பாத்து வந்த கேடு. அதுல வர்றவங்க பச்சைப் பசேல்னு ஒரு தோட்டத்துல நின்னு சிரிக்கறாங்க. எங்க காட்டுல நிக்கறதுக்கு ஒரு வேப்ப மரம், சிரிக்கறதுக்கு மயிலு. சோளம் வெதைச்சா மொளைக்கறதுக்கு முன்னாடியே வந்து கொத்தித் தின்னுபோட்டுப் போயிரும்.

ஊடுன்னா ஹாலோ பிளாக் கல்லு, மேல தகரம். ஆடி மாசம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காத்து வந்து அடிச்சா, தகரம் போடற சத்தத்துல பக்கத்துல இருக்கறவங்ககிட்டக்கூட ஒரு வார்த்தை பேச முடியாது. சோத்துல மண்ணு, படுக்கையில மண்ணு, பல்லுக்கு நடுவுல மண்ணு. இதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன். தண்ணிதான் என்னையக் கொன்னுபோட்டுது.

வந்த புதுசுல, தேங்காய் வெச்சுத் தண்ணி பாக்கறவர் ஒருத்தரை எங்கூட்டுக்காரரு கூட்டிக்கிட்டு வந்தாரு. அவரு உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுக்கிட்டுக் காடு பூரா நடந்தாரு. ஊட்டுக்குப் பின்னால, தென்மேற்கு மூலைப் பக்கம் போனதும் தேங்காய் எந்திரிச்சு நின்னுக்குச்சு. "கண்ணை மூடிக்கிட்டு இங்க போர் போடுங்க"ன்னாரு. எனக்கு அதுல நம்பிக்கையும் இல்லை, நம்பாமயும் இல்லை. ஆனா பின்செவுத்துக்கிட்ட நின்னு பாத்திரம் கழுவுன தண்ணியை வீசுனா அங்க போய் விழும். அத்தனை கிட்ட. எனக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

அதுக்குள்ள அவிநாசியில இருந்து மச்சாண்டாரு, அதாவது எங்கூட்டுக்காரரோட அண்ணன், கார்ல வந்து எறங்கினாரு. பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. வாஸ்துன்னா உசுரு. கம்பெனி கக்கூஸையே எடம் மாத்தி மாத்தி இடிச்சுக் கட்டுனவரு. செல்போனுல திசை பாத்தாரு, மொகம் வெளுத்துப்போச்சு.

"ஏம்ப்பா, கன்னி மூலையில போய்க் குழி தோண்டுவயா? தென்மேற்கு ஒசந்து இருக்க வேண்டிய எடம்ப்பா. அங்க பள்ளம் விழுந்தா ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாது. தண்ணின்னா ஈசானிய மூலை. வடகெழக்குல போடு."

எங்கூட்டுக்காரரு திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. நெலத்தோட அந்தக் கோடியில, வடகெழக்குல கொண்டு போய் போர் வண்டியை நிறுத்துனாங்க. வந்தது வெறும் பொகை. கல்லுத் தூளு மாவாட்டம் பறந்து அங்க நின்ன எல்லாரு தலையும் நரைச்சுப்போச்சு. "ஆழம் பத்தலை"ன்னாரு மச்சாண்டாரு. இன்னும் எறக்குனாங்க, இன்னும் பொகை. சாயங்காலம் அவரு காரைத் தொடைச்சுக்கிட்டு அவிநாசிக்குப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் என் பொழப்பு குடத்தோட. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல வண்டித் தடம், அதை இட்டேரிம்போம். அந்த இட்டேரியோட போனா அடுத்த தோட்டத்துல ஒரு அக்காவோட கெணறு. தண்ணி வேண்டாம்னு அந்த அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை, அது வரைக்கும் புண்ணியம். மாட்டுக்கு, சோத்துக்கு, துணிக்கு, எல்லாத்துக்கும் நான்தான் செமக்கணும். அரிசி களைஞ்ச தண்ணி மாட்டுக்கு. குளிச்ச தண்ணி தென்னம்புள்ளைக்கு. கடைசியில அதுக வாடுதேன்னுதான் நான் குளிக்கவே செஞ்சேன். எங்கூட்டுக்காரரு மொபெட்ல ரெண்டு கேன் கொண்டாந்து போட்டுட்டு விசைத்தறிக்குப் போயிருவாரு, காடு சோறு போடற வரைக்கும்னு. அடுத்தவன் மெசினை ஓட்ட மாட்டேன்னு வந்த மனுசன்!

ஒரு சாயங்காலம் இட்டேரியில கால் பிசகி விழுந்துட்டேன். குடம் உருண்டு தண்ணி பூராம் மண்ணுக்குப் போச்சு. முட்டி பேந்ததுக்கு அழலை, அந்தத் தண்ணி போனதுக்கு உக்காந்து அழுதேன். தறியில இருந்து வந்தவரு அப்படியே பாத்துட்டு நின்னாரு.

"ஏனுங்க, கன்னி மூலையில போட்டா எனக்கு ஆகாதுன்னீங்க. இது மட்டும் எனக்கு ஆகுதுங்களா?"

"அதுக்கில்ல புள்ள. உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்ன பண்றது?"

நெசமாலுமே கண்ணு கலங்கிப் போய்ச் சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். என் மேல பிரியம் இல்லாத மனுசனா இருந்தா நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டிருக்கலாம். "தீவாளிக்குள்ள இந்தக் காட்டுல தண்ணி வரலீன்னா நான் கோயமுத்தூருக்குப் போயிருவேனுங்க. நீங்க வந்தா வாங்க, இல்லாட்டி அண்ணனும் தம்பியும் திசை பாத்துக்கிட்டு இருங்க"ன்னேன். சொன்னதோட நிக்காம, துணியெல்லாம் பையில எடுத்து வெச்சுக் கட்டிலுக்கடியில தள்ளிப்போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் கெணத்துக்குப் போறேன், அந்த அக்கா அவங்க காட்டுக்குக் குறுக்க கிளுவைக் குச்சி நட்டுக்கிட்டு இருக்காங்க. "என்னக்கா, புதுசா வேலி?"

"பையனுகளுக்குப் பிரிச்சாச்சு கண்ணு. இந்த முக்கு இனி தனிக் காடு."

குடத்தைக் கீழ வெச்சுட்டேன். தனிக் காடுன்னா அதுக்குத் தனியா நாலு மூலை இருக்குமல்லோ? அங்கயே நின்னு அவிநாசிக்கு, மச்சாண்டாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, எங்க ஊட்டுக்குப் பின்னால குறுக்க வேலி போட்டுட்டா, அந்தக் கன்னி மூலைத் துண்டு தனி நெலமாயிருமுங்களா?"

"ஆகும் அம்மணி, தாராளமா ஆகும்."

"அந்தத் துண்டுக்கு வடகெழக்கு மூலை எங்க வருமுங்க மாமா?"

மனசுக்குள்ளயே திசையைத் திருப்பிப் போட்டுப் பாத்தாரு போல. அப்புறம், "அட! தேங்காய் நின்ன எடமல்லோ!"ன்னு கத்துனாரு.

அடுத்த நாளே வந்து நின்னு கிளுவை வேலி போட வெச்சாரு. சந்து பொந்து இருக்கக் கூடாது, ஒரு ஆள் நுழைய வழி இருந்தாலும் ரெண்டும் ஒரே நெலமாயிரும்னு ஒரே கண்டிசன். தீவாளிக்கு முந்தியே போர் வண்டி வந்துச்சு. மொதல்ல பொகை. அப்புறம் தூளு ஈரமாச்சு, சேறாச்சு, திடீர்னு வண்டிக்கு மேல பீச்சி அடிச்சுது பாருங்க, நான் சேலையோட போய் அதுக்கடியில நின்னுக்கிட்டேன்.

"பாத்தீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன். ஈசானியத்துல போட்டா தண்ணி வராம எங்க போகும்?" இது மச்சாண்டாரு. எங்கூட்டுக்காரரு ஆமாங்கண்ணான்னு தலையை ஆட்டறாரு! எனக்கு வயிறு எரிஞ்சுது. வாயைத் தொறந்தா தண்ணி வந்த நாள்ல சண்டையாயிரும்னு சும்மா இருந்தேன்.

சோலார் மோட்டார் மாட்டுனாங்க. குழாய் இழுக்கலாம்னா, தை பொறக்கற வரைக்கும் அதுவும் வேலியைத் தாண்டக் கூடாதுன்னுட்டாரு மச்சாண்டாரு. ஆக, செவுத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி கொட்டற சத்தம் கேக்குது, நான் குடத்தைத் தூக்கிக்கிட்டு வாசல் வழியா எறங்கி, இட்டேரியச் சுத்தி, அந்தத் துண்டுக்குள்ள நுழைஞ்சு புடிச்சுக்கிட்டு, வந்த வழியே திரும்பி வாரேன். அக்கா கெணத்துக்கும் இதுக்கும் நடை ஒண்ணும் பெருசாக் கொறையலை. பையும் கட்டிலுக்கடியிலயேதான் இருந்துச்சு.

ஒரு காலையில பால் பொங்கிக்கிட்டு இருக்குது, பானையில சொட்டுத் தண்ணி இல்லை. அடுப்பை அணைச்சேன். கொடுவாளையும் குடத்தையும் எடுத்துக்கிட்டு நேரா பின்னால போய்க் கிளுவையை வெட்டுனேன். முள்ளு கையெல்லாம் கிழிச்சுது. வெட்டுன சத்தம் கேட்டு எங்கூட்டுக்காரரு பல்லு வெளக்கற குச்சியோட ஓடி வந்தாரு.

"ஊட்டுப் பொம்பளைக்கு ஆகாதுன்னா ஆகாமப் போகட்டும்"னேன். "இனி அந்த இட்டேரியச் சுத்தி ஒரு தடவை நடக்கச் சொன்னீங்கன்னா பையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறிருவேன்."

அவரு வேலியைப் பாத்தாரு, என்ற கையில வழிஞ்ச ரத்தத்தைப் பாத்தாரு. குச்சியைத் தூக்கி எறிஞ்சுட்டு, என் காலடியில இருந்த குடத்தை எடுத்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சு அந்தச் சந்துல நுழைஞ்சு போனாரு. தண்ணி ரொப்பிக்கிட்டு அதே வழியாத் திரும்பி வந்து பானையில ஊத்துனாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு:

"அண்ணன் வர்றப்ப மட்டும் ஒரு முள்ளை இழுத்து அடைச்சுக்கலாம் புள்ள."