துவக்குக்கு நான் சாட்சி சொல்லவில்லை

கொரோனா அடங்கி இரண்டு வருடம் இருக்கும். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு அண்ணை இருந்தார். சுவிஸில் கனகாலம் இருந்துவிட்டு லண்டன் வந்து பெயின்ற் வேலை செய்தவர். அங்கே பழகிய ஒன்றை இங்கேயும் விடவில்லை. துவக்குச் சுடுவது. ஆளையோ மிருகத்தையோ அல்ல, ஆகாயத்தில் எறியும் மண் தட்டுகளைச் சுடும் விளையாட்டு. லைசென்ஸ், சுவரோடு பொருத்திப் பூட்டிய இரும்புப் பெட்டி, எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்.

கோயிலில் ஆட்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள். "ஊரில துவக்கைக் கண்டு ஓடினவர், இங்க காசு குடுத்துச் சுடுறார்" என்பார்கள். அண்ணை சிரிப்பார். "தட்டு திருப்பிச் சுடாது தம்பி" என்பார்.

ஞாயிறு காலையில் நானும் கூடப் போவேன். துவக்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஊரில் எங்கள் வாசலில் துவக்கோடு வந்து நின்றவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறுகள் எனக்குப் பிடிக்கும். காருக்குள் பழைய பாட்டுப் போகும். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, ரோல்ஸ் பொரித்துச் சூட்டோடு பேப்பரில் சுற்றித் தருவா. தட்டைத் தவறவிட்டால், ரோல்ஸில் உறைப்புக் கூடிப்போச்சு, கண் எரியுது என்று அண்ணை சாட்டுச் சொல்வார். ஈரப் புல்லில் நின்று தேத்தண்ணி குடித்துச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் மனம் அங்கேதான் நிற்கிறது.

பிறகு அக்கா புற்றுநோயில் போய்விட்டா. எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. முப்பத்தோராம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள், ஆளாளுக்குச் சாப்பாடு. முப்பத்தொன்றுச் சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவியதோடு ஒருத்தரும் அந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பிறகுதானே ஐயா ஆள் தேவை? எனக்கு அதில் இன்றைக்கும் கோபம்.

நான் வேலை முடிந்து பின்னேரம் போவேன். அண்ணை மேசையில் துவக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். எதிரே மாலை போட்ட அக்காவின் படம். அடுத்த கிழமை போனாலும் அதே மேசை, அதே துவக்கு. இரவில் நித்திரை வருவதில்லை என்று மட்டும் சொல்வார். அக்கா போனபின் அவர் ஒரு ஞாயிறுகூடச் சுடப் போகவில்லை. பிறகு எதற்குத் துடைக்கிறார்?

ஒருநாள் சொன்னார், "லைசென்ஸ் புதுப்பிக்க வேணும். என்னைத் தெரிஞ்ச ஆள் எண்டு உன்ர பேரைக் குடுக்கப்போறன். பொலிஸ் கேட்டால் நல்லாச் சொல்லு."

"நித்திரை வாறேல்லை எண்டு டொக்டரிட்டச் சொன்னீங்களோ அண்ணை?"

"சொன்னால் துவக்கை எடுத்துப்போடுவாங்கள்."

பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. "என்ர பேரைக் குடுக்காதேங்கோ. ஒரு கிழமைக்குள்ள நீங்களா இதைக் கொண்டுபோய்க் குடுக்காட்டி, நானே பொலிஸுக்குச் சொல்லுவன்" என்றேன்.

"காட்டிக் குடுக்கப்போறியோ? வெளியில போ" என்றார்.

எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கேவலமான பெயர் இல்லை. இரண்டு நாளில் கதை பரவிவிட்டது. கடையில் கண்டவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். வீட்டில் மனைவியும் விடவில்லை. "இஞ்சேருங்கோ, ஊரில இதுக்குத்தான் ஆக்களை லைற் போஸ்ற்றில கட்டிச் சுட்டவங்கள். ஒரு வார்த்தை நல்லாச் சொன்னா உங்களுக்கென்ன குறைஞ்சு போகுது?"

"அந்த மனிசன் குறைஞ்சு போகும்" என்றேன்.

கிழமை முடியமுன், ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணை வந்து கதவைத் தட்டினார். சவரம் செய்யாத முகம். "காரை எடு. பொலிஸுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்."

துவக்கை உறையில் போட்டுக் காரின் பின்பக்கத்தில் வைத்தார். ஸ்டேஷனில் ஒரு பெண் பொலிஸ் வாங்கிக்கொண்டு ரசீது தந்தா. காசு ஒன்றும் இல்லை. சில நாடுகளில் அரசாங்கமே காசு கொடுத்து வாங்குகிறதாம். அது வீண் செலவு என்று சிலர் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், காசு கொடுத்தாவது வாங்கட்டும். இருக்கக்கூடாத வீட்டில் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு சொன்னார், "நாலு பேர் தங்கட பேரைத் தாறம் எண்டவங்கள். வாசலில நிண்டுகொண்டே ஓம் எண்டவங்கள். ஒருத்தனும் உள்ள வரேல்லை."

சிக்னலில் கார் நின்றது. "துடைக்கிறதுக்கு மட்டும் நான் அதை எடுக்கேல்லைத் தம்பி."

திங்கட்கிழமை டொக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அவர் சுவிஸில் கட்டிக் கொடுத்த மகளோடு இருக்கிறார். ஞாயிறு காலையில் போன் எடுப்பார். "உன்ர மனிசிக்கு ரோல்ஸ் சரிவந்துதோ?" என்று கேட்பார். இல்லை அண்ணை, அக்காவின்ர மாதிரி வராது என்பேன்.

ஊரில் துவக்கு வந்தபோது, இது இன்னாரின் கையில் இருக்கலாமா என்று அயலவனை ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் கேட்கிறார்கள், அப்படிக் கேட்கும்போது வாசலில் நின்று ஓம் என்று சொல்லாமல், உள்ளே போய் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னதை நினைப்பதால்தான், காட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு இன்றுவரை பாரமாக இல்லை.