முட்டையில்லாத பழப் புட்டிங்

கிழக்குத் தாம்பரத்தில் சாயங்காலம் ஆனால் மின்சாரம் சோர்ந்துவிடும். குழல்விளக்கே கண்ணைச் சிமிட்டும்போது ஓவன் எங்கே சூடேறும்? அதனால் அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அருள்மேரி மதியமே புட்டிங்கை ஏற்றிவிட்டாள். அடியில் அன்னாசியும் வாழைப்பழமும். மேலே கோதுமை மாவு, வெல்லத்தூள், இடித்த வேர்க்கடலை, நெய் எல்லாம் சேர்த்து விரல் நுனியால் உதிரியாகப் பிசைந்தது. மைதா இல்லை, டால்டா இல்லை. முக்கியமாக, முட்டை இல்லை.

முட்டை இல்லாததற்குக் காரணம் அடுத்த வீட்டு சாவித்ரி மாமி. மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்த அருள்மேரி, எண்பத்தைந்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் மாமிக்குக் கேக் அனுப்பிவந்தாள். தட்டு கழுவப்பட்டு, சர்க்கரையோடு திரும்பி வரும். "ரொம்ப நன்னா இருந்தது" என்பாள் மாமி. ஆனால் அது சாப்பிட்டவர் முகமல்ல. முட்டைதான் தடை போலும் என்று அருள்மேரி நினைத்துக்கொண்டாள். தன் கையால் செய்ததை மாமி ஒரு தடவையாவது வாயில் போட வேண்டும். அவளுக்கு அது வெறும் தின்பண்ட விஷயமல்ல.

அவள் அப்பாவின் ஊர்த் தேவாலயத்தில் சேரிக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வரிசை. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைவதில்லை. எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தாள். கோயில் வாசலிலேயே அப்பா அறைந்தார். அந்த அறையை அவள் பதக்கம் போலக் குத்திக்கொண்டு வாழ்ந்தாள்.

புட்டிங் ஆவி பறக்க மாமி வீட்டுக்குப் போயிற்று. இருட்டுவதற்குள் தட்டு சர்க்கரையோடு திரும்பியது. "நன்னா இருந்தது."

மறுநாள் காலை, இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் கன்னியம்மா பாத்திரம் தேய்க்க வந்தாள்.

"இன்னாக்கா, இந்த வாட்டி முட்ட வாசனயே இல்ல? சூடா, சும்மா ஜோரா இருந்திச்சு."

"நீ எங்க சாப்பிட்டே?"

"மாமி அப்பவே குட்த்துட்டாங்க. வருசா வருசம் எங்க வூட்டுக்குத்தானே வருது! டிசம்பர் வந்தா எம் புள்ளைங்க வாயப் பொளந்துகினு கீதுங்க."

அருள்மேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாகவா! "காப்பி குடிச்சுட்டு என்கூட வா. அவங்க வாசல்லயே நின்னு நியாயம் கேக்கறேன்."

"நா இன்னாத்துக்குக்கா? பேஜாரு" என்றபடியே கன்னியம்மா, கொல்லைப்புற ஜன்னலுக்கு வெளியே சோப்புக் கட்டியோடு கிடந்த தன் நசுங்கிய அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டினாள்.

டம்ளரில் படாமல் காப்பியை உயரத் தூக்கி ஊற்றப்போன அருள்மேரியின் கை அப்படியே நின்றது.

"அங்கயும் உனக்குத் தனி டம்ளரா?"

"ஆமா. அங்க எவர்சில்வரு."

அருள்மேரி அவசர அவசரமாக மிச்சப் புட்டிங்கைச் சுடவைத்து, விருந்தாளிகளுக்கான பீங்கான் தட்டில் போட்டு, நாற்காலியை இழுத்தாள். "உக்காந்து சாப்பிடு."

கன்னியம்மா சிரித்துவிட்டாள். "இத்தினி வருசம் இல்லாத நாற்காலி இன்னிக்கு இன்னாத்துக்கு? மாமி மேல கோவம்னா எங்கிட்ட ஏன்க்கா காட்ற?"

கன்னியம்மா நின்றுகொண்டே தின்றாள். தட்டைக் கழுவி, பழக்க தோஷத்தில், ஜன்னலுக்கு வெளியே அந்த டம்ளரின் பக்கத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மாமி வீடு கூப்பிடு தூரம்தான். அருள்மேரி போகவில்லை. தட்டை உள்ளே எடுத்து வைக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை, ஒரு கணம் தயங்கியது.

என்றோ அப்பா அறைந்த கன்னம் இப்போதுதான் சுட்டது.