டயர்க் கோட்டின் மேல் ஒரு தடம்

காலை ஏழு இருபத்தைந்து. படகுத்துறையில் முதலில் கண்ணில் பட்டவை நீருக்குள் நின்ற பட்ட மரங்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. கிளைகள் உதிர்ந்து, தண்டுகள் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. அடுத்து நான் பார்த்தது அக்காவின் கையை. மடியிலிருந்த கைப்பையின் வாயை அது இறுகப் பிடித்திருந்தது. பைக்குள் ஒரு நீல நைலான் கயிறு இருந்தது.

அக்கா எனக்கு உறவில்லை. பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மகனோடு இருக்கிறார். சீக் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நெடுங்காலம் ரப்பர் மரம் சீவியவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், வேலைக்குப் புறப்பட்ட அவர் கணவர் தோட்டத்து மண் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் இறந்துகிடந்தார். குடித்துவிட்டுச் சறுக்கி விழுந்தார் என்று தோட்டம் பேசியது. யானை தள்ளியது என்று அக்கா மட்டும் சொன்னார்.

அப்போது நான் ஒரு நாளிதழின் நிருபர். செய்தி நான்கு வரி. "மது அருந்தியிருந்ததாகக் கூறப்படுகிறது" என்பது மூன்றாவது வரி. கூறியவர் யார் என்று நான் எழுதவில்லை. அதை நம்பிய மகன், புது வீட்டில் அப்பாவின் படத்தை மாட்டவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவன் நான் என்று போன மாதம் அக்காவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப நீங்கதான் என்னைய காட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. தடம் பாக்குற ஆளுங்க அங்கதான இருப்பாங்க."

படகில் எங்களோடு அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் இளம் தம்பதி. வழிகாட்டி கரங்கான் பக்கம் பிறந்த தமிழர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் வந்த காரணத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"அண்ணே, யானை இன்னிக்கு வருமாலா?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"லீவு போட்டிருந்தா வராது."

"போட்டோ எடுக்காம வீட்டுக்குப் போனா இவ என்னைய விடமாட்டா."

"அப்ப இங்கயே இருந்துடுங்க. சோறு போடுறோம்."

அக்கா சிரிக்கவில்லை. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோதும் நிமிரவில்லை. கரையோரச் சேற்றையே பார்த்து வந்தார்.

பத்தரை மணிக்கு உப்பு மண்ணுள்ள ஒரு சேற்று நிலத்தை அடைந்தோம். மலாயில் அதைச் சீரா என்பார்கள். விலங்குகள் மண் தின்ன வரும் இடம். விளிம்பில் வட்டமான தடம் ஒன்று தெரிந்தது. வழிகாட்டி அதைச் சுற்றி அளவுநாடாவை வைத்தார். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம் என்றார்.

அக்கா பையைத் திறந்து, முடிச்சிட்ட கயிற்றை எடுத்து வழிகாட்டியிடம் நீட்டினார்.

"இது எதைச் சுத்தி எடுத்தது அக்கா?"

"அவரு கெடந்த எடத்துல இருந்த தடத்த."

"சுத்தி எடுக்கணும்னு யாரு சொன்னா? எல்லாரும் அகலத்தத்தான அளப்பாங்க."

"யாரும் சொல்லல தம்பி. எளமரம் சீவுற பருவத்துக்கு வந்துருச்சான்னு அப்புடித்தான் பாப்போம். சுத்திப் புடிச்சி முடிச்சிப் போட்டுக்குவோம். தோட்டத்து ஆபீஸ்ல காட்டுனேன். மரத்தையா அளந்துட்டு வந்தேன்னு சிரிச்சாங்க."

"தடம் வட்டமா, நீளவாக்கா?"

"வட்டம்."

"அப்ப முன்னங்கால்தான்."

வழிகாட்டி ஒரு மரத்தடிக்குப் போனார். முடிச்சு வரையிலான கயிற்றை வேரிலிருந்து ஒரு முறை, அங்கிருந்து மேலே இன்னொரு முறை பிடித்தார். இரண்டாம் முறை கையை முழுதாக நீட்ட வேண்டியிருந்தது. அவர் கட்டைவிரல் நின்ற இடத்தை அக்கா அண்ணாந்து பார்த்தார். இளைஞர் தொலைபேசியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"ஒசரத்தச் சொல்லும் அக்கா. எப்ப வந்துச்சின்னு கயிறு சொல்லாது."

"அதத்தான் அவங்களும் சொன்னாங்க. முந்துன நாளு தடமா இருக்கும்னு."

வழிகாட்டி கயிற்றைச் சுருட்டியபடி யோசித்தார்.

"மோட்டார் டயர்க் கோடு தடத்துக்கு மேல இருந்துச்சா, அடியிலயா?"

அக்கா உடனே சொன்னார். "அடியில. தடம் அது மேல ஏறி அழிச்சிருந்துச்சி."

"வேற டயர்க் கோடு?"

"இல்ல. ராத்திரி மழ. அவருதான் மொத ஆளா போனாரு."

"அப்ப அவரு போனதுக்கு அப்புறம்தான் அது மிதிச்சிருக்கு. தள்ளுச்சான்னு எனக்குத் தெரியாது அக்கா. ஆனா அன்னிக்கிக் காலையில அது அந்த ரோட்ல இருந்துச்சி."

"அவரு தண்ணி போடுவாரு. இல்லன்னு சொல்லல," என்றார் அக்கா. "காலையில போடமாட்டாரு."

டயர்க் கோட்டைப் பற்றி ஆறு ஆண்டுகளில் அவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நான் அந்த இடத்துக்கே போகவில்லை. தொலைபேசியில் கேட்டு எழுதினேன்.

மதியம் மூன்று மணிவரை காத்திருந்தோம். யானை வரவில்லை. மான் ஒன்று வந்து மண் தின்றுவிட்டுப் போனது.

படகுத்துறைக்குத் திரும்பியபோது தொலைபேசிகளுக்கு உயிர் வந்தது. அக்கா மகனை அழைத்தார். அவர் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் இருந்தார், எடுக்கவில்லை. குரல் பதிவு செய்து அனுப்பும் பொத்தானைக் காட்டும்படி அக்கா என்னிடம் சொன்னார். காட்டினேன்.

"ஐயா, அம்மா பேசுறேன். டயரு கோட்டு மேல தடம் இருந்துச்சில்ல, அப்பா மோட்டார்ல போனதுக்கு அப்புறம்தான் யானை வந்திருக்கு. தடம் பாக்குறவரு சொன்னாரு. சாப்புட்டியா?"

பதிவு பதினான்கு வினாடி.