என்ட்டர் மட்டும் அமுக்கிய கங்கம்மாள்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்குக் கீபோர்டு மாற்றுகிற வேலை. எழுத்து அழிந்தது, கட்டை பெயர்ந்தது, டீ கொட்டியது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அங்கே கீபோர்டுகள் அதிகமாக உடைந்தது கங்கம்மாளின் கையால். உடைக்கச் சொன்னது நாகபூஷணம் சார். பாவி மனுஷன்.

கங்கம்மாள் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். சத்தியவேடு பக்கம் எல்லையோரக் கிராமம். ஒரு அடி நிலம் கிடையாது. வேர்க்கடலை பிடுங்கினாள், கரும்பு வெட்டினாள், சீசனுக்குப் பங்காருபாளையம் மண்டிக்குப் போய் மாங்காய் தரம் பிரித்தாள். புருஷன் சின்னப்பன் லாரியில் கிளீனராகப் போனவன், போனவன்தான். மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று திருப்பதிக்கு வந்து, ஓட்டலில் பாத்திரம் தேய்த்து, கடைசியில் எங்கள் சென்டரில் துடைப்பம் பிடித்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

நாகபூஷணம் சார் நடத்தியது புரோகிராமிங்கில் பாலபாடம். “உங்கள் வயது என்ன?” என்று கம்ப்யூட்டர் கேட்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தட்டுவதை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும். எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால், கத்துக்குட்டி எழுதிய புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். படுக்காமல், “எண் மட்டும் போடுங்கள்” என்று மறுபடியும் கேட்க வைக்க வேண்டும். பாடத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சோதிக்க அவர் கண்டுபிடித்த வழிதான் அநியாயம்.

“ஒலகத்துலயே பெரிய முட்டாள் வந்து ஒக்காந்தாலும் உன் புரோகிராம் நிக்கணும்ரா,” என்பார். “அந்த முட்டாள் நம்மகிட்டயே ரெடியா கீது. ஏய் கங்கம்மா, ரா!”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் வருவாள். முதல் தடவை ஷாக் அடித்துவிடும் என்று நடுங்கினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. உள்ளங்கையால் பொத்து பொத்தென்று அடிப்பாள், யாராவது என்ட்டர் தட்டுவார்கள், புரோகிராம் படுக்கும், பசங்கள் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். ‘கங்கம்மா டெஸ்ட்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவளிடம், “உனக்கு ரோஷமே கெடையாதா?” என்று கேட்டே விட்டேன்.

“ரோஷம் பாத்துக்கினு இருந்தா சோறு துன்ன முடியுமா தம்பி? சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும்,” என்றாள்.

அந்தச் சென்டரில்தான் மகள் மோகனப்ரியாவும் வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே அம்மாவுக்கு உத்தரவு: தன்னைக் கூப்பிடக் கூடாது, தன்னிடம் பேசக் கூடாது, பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அவர்கள் குடியிருந்தது எங்கள் தெரு என்பதால் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். மகள் வகுப்புக்குள் போவாள். அவள் செருப்புத் தடத்தைத் தாய் துடைப்பாள். படிக்கிற பிள்ளைக்குக் கூச்சம் இருக்கும் என்று முதலில் நானும் பேசாமல் இருந்தேன்.

கோடை லீவுக்கு முன்னால் சார் ஒரு அறிவிப்புச் செய்தார். கங்கம்மா டெஸ்டில் யாருடைய புரோகிராம் நிற்கிறதோ, அவர்களை ஒரு கம்பெனி வேலைக்குச் சிபாரிசு செய்வாராம். மோகனப்ரியா ராப்பகலாக அந்த புரோகிராமிலேயே கிடந்தாள். அந்த வேலை கிடைத்தால் அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கலாம். அப்படித்தான் கங்கம்மாள் என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெஸ்ட் அன்று மோகனப்ரியாவின் முறை வந்தது. “ஏய் கங்கம்மா, ரா!” என்று சத்தம் கொடுத்தார் சார். நான் பின்வரிசையில் ஒரு கீபோர்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கங்கம்மாள் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பசங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் கையை ஓங்கவே இல்லை. ஒற்றை விரலை நீட்டி, அந்த ஓரத்துப் பெரிய கட்டையை, என்ட்டரை, ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

புரோகிராம் படுத்துவிட்டது.

எனக்கு உடனே விளங்கியது. மோகனப்ரியா ஒவ்வொரு எழுத்தாக எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாள். எண் அல்லாதது ஒன்று வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒன்றுமே தட்டாமல் வெறும் என்ட்டர் வந்தால்? பார்க்க எழுத்தே இல்லை, அதனால் தப்பும் இல்லை என்று உள்ளே விட்டுவிட்டது. வெறுமையை எண்ணாக்கப் போய் மாட்டிக்கொண்டது. எப்போதும் போல அடித்திருந்தால் ஜம்மென்று நின்றிருக்கும்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மோகனப்ரியாவின் முகம் கறுத்துப் போயிற்று. எழுந்து நின்றாள்.

“சார், இந்தம்மா வேணும்னே பண்ணிச்சு சார். தெனமும் அடிக்கிற மாதிரி அடிக்கல. என் மேல இன்னா காண்டோ தெரியல. வேற யாரையாவது கூப்புடுங்க சார்.”

அடிப்பாவி!

“ஏய், வேணும்னேதான் பண்ணியா?” என்று கேட்டார் சார்.

கங்கம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார்,” என்றாள் கங்கம்மாள். “வேணும்னுதான் அமுக்கினேன். அந்தப் பாப்பா மேல தப்பில்ல.”

“முட்டாள்னு நெனச்சிக்கினு இருந்தேன், திமிரு புடிச்சதா இல்ல கீது! நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தல காட்டாத, போ!”

அவள் போனாள். சார் தானே உட்கார்ந்து கீபோர்டைப் போட்டு அடித்தார். எழுத்து, புள்ளி, கோடு எதற்கும் புரோகிராம் அசையவில்லை. “சபாஷ்!” என்று மோகனப்ரியாவின் பெயரைச் சிபாரிசுப் பட்டியலில் முதலில் எழுதினார். வெறும் என்ட்டரை மறுபடி அமுக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது வேலைக்காரியின் விஷமம் என்று முடிவாகிவிட்டதே.

மனசு ஆறாமல் கீழே இறங்கி ஓடினேன். கங்கம்மாள் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் அப்படிப் பண்ணே? எப்பவும் போல அடிச்சிருக்கலாம் இல்ல?” என்று கத்தினேன்.

“காலைல வரும்போது அவதான் சொன்னா தம்பி. கண்டதை அமுக்காத, அந்தப் பெரிய கட்டைய மட்டும் ஒரு தபா அமுக்கிட்டு எழுந்துடுன்னு. அதுல ஒண்ணும் ஆவாதுன்னா. நானும் பாத்துதான் அமுக்கினேன். எங்கியோ தப்பா பட்டுடுச்சி போல.”

அதற்குள் மோகனப்ரியா தோழிகளோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். கங்கம்மாள் எழுந்து, சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.

“பாஸாயிட்டியா பாப்பா?” என்று கேட்டாள், யாரோ போல.

“ஆயிட்டேன். உங்களால கையவிட்டுப் போயிருக்கும்,” என்று சொல்லிவிட்டு மகள் தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பியும் பார்க்கவில்லை.

கங்கம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “பாஸாம் தம்பி!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. “நீ அமுக்குனது சரிதான். தப்பு உன்கிட்ட இல்ல, அவ எழுதுன புரோகிராம்லதான் கீது. வா, மேல போய் சார்கிட்டச் சொல்றேன்!” என்றேன்.

கங்கம்மாள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் பினாயில் வாடை அடித்தது.

“மெதுவா பேசு தம்பி,” என்றாள். “யார் காதுலயாச்சும் வுழப் போவுது.”